முழங்காலுக்குக் கீழே கத்தரித்த படம்

பிர்னா,
11 அக்டோபர் 1992

அன்புள்ள அக்கா குட்ரூனுக்கு,

தம்பி எக்கார்ட் எழுதுவது. நான் சௌக்கியம். பல்வலி போய்விட்டது, கூடவே பல்லும் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிரேமனில் ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லையாமே, அப்புறம் எதை ஏறி அது வலிக்கிறது என்று நம் பாறைக் கூட்டாளி லோத்தார் கேட்கிறான்.

வேலை விஷயமாக நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்தன. ஆலையை மூடிய பிறகு நான் கடைசல் இயந்திரத்தைத் தொடவில்லை என்பது உண்மைதான். உங்கள் பட்டறையில் ஒரு கடைசல்காரனுக்கு இடம் இருக்கிறது, கோடைவரை எனக்காக அதை வைத்திருப்பார்கள் என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் இங்கே சனிக்கிழமை காலையில் ஓடத்தில் ஆற்றைத் தாண்டினால் ஏறுவதற்குப் பாறை. அங்கே சனிக்கிழமை காலையில் எழுந்து நான் எங்கே போவேன்?

நேற்று ஏறிவிட்டு வந்து பீர் குடிக்கும்போது உன் பேச்சு வந்தது. எங்க அக்காகிட்ட ஒரு படத்தைக் காட்டினா எந்தப் பாறை, எந்த வழின்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவா என்றேன். லோத்தார், "சமவெளிக்குப் போனவங்களுக்கு மொதல்ல போறதே கண்ணுதான்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. உன்னைக் கேட்காமல் உன் பெயரில் கட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

நான்கு படங்கள் அனுப்புவேன். ஒவ்வொன்றிலும் பாறையின் பெயரையும் ஏறும் வழியின் பெயரையும் நீ சொல்ல வேண்டும். நான்கும் சரியாக இருந்தால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரேமனுக்கு வந்துவிடுகிறேன், முனகாமல். ஒன்று தப்பினாலும் நீ அந்த வேலைப் பேச்சை அத்தோடு விட வேண்டும், பெந்தெகொஸ்து விடுமுறைக்கு ஏறும் காலணியோடு இங்கே வர வேண்டும். சம்மதமா?

முதல் படம் உள்ளே. ஏறுகிறவன் லோத்தார். வழுக்கையைப் பார்த்தாலே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
எக்கார்ட்


பிரேமன்,
20 அக்டோபர் 1992

அன்புள்ள தம்பி,

முழங்கால் மாடிப்படி ஏறி வலிக்கிறது என்று லோத்தாரிடம் சொல். பல் போனதில் உன் வாயாவது கொஞ்சம் சின்னதாகியிருக்கும் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பந்தயத்துக்குச் சம்மதம். சின்ன அறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

படத்துக்கு வருவோம். பாதிரியார் மூக்கு, தெற்குப் பிளவு. லோத்தாரின் இடது முட்டிக்குப் பக்கத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அதில் நான் ஒரு தடவை கையை விட்டு வௌவாலைத் தொட்டிருக்கிறேன். தொட்ட இடம் மறக்குமா? இவ்வளவு சுலபமாகவா என்னை ஜெயிக்கப் பார்க்கிறாய்?

ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. இரண்டு கையாலும் நீ படப்பெட்டியைப் பிடித்திருந்தால், லோத்தாரின் கயிறு யார் கையில் இருந்தது?

மேற்பார்வையாளர் புரூகெமான் உன்னைப் பற்றி விசாரித்தார். நல்ல மனிதர். பேசவே மாட்டார், உனக்கு ஒத்துவரும்.

அன்புடன்,
குட்ரூன்


பிர்னா,
8 நவம்பர் 1992

அன்புள்ள அக்கா,

நலம். இருமல் கொஞ்சம் இருக்கிறது, மூலிகைத் தேநீர் குடிக்கிறேன். நீ முழங்காலுக்குக் கம்பளி உறை போட்டுத் தூங்கு.

முதல் படம் சரி. லோத்தார் ஒரு குவளை பீர் வாங்கிக் கொடுத்தான், உனக்காக நானே குடித்தேன்.

கயிற்றை மரத்தில் கட்டியிருந்தேன்.

இலையெல்லாம் கொட்டிவிட்டது. மழை வந்து மணற்பாறை நனைந்தால் பொடிந்துவிடும், தொடக்கூடாதே, அதனால் வெயில் அடிக்கிற நாளையெல்லாம் விடாமல் போகிறோம். இந்த வருஷம் ஓடம் நேரத்துக்கு வருகிறது. காலைக் குளிரில்கூட ஒருநாளும் தாமதம் இல்லை. ஓடத்துறையில் சூடாகக் காப்பிகூடக் கிடைக்கிறது.

இரண்டாவது படம் இதோ. இது உனக்கு வராது.

அன்புடன்,
எக்கார்ட்


பிரேமன்,
19 நவம்பர் 1992

அடேய் எக்கார்ட்,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மரத்தில் கட்டினாயா? விழுந்தால் பிடிக்கிறதற்கு மனுஷக் கை வேண்டாமா? அப்பா இருந்திருந்தால் உன்னை அந்த மரத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார். மரம் என்றால் இனி எனக்கு எழுதவே எழுதாதே. மரம் இல்லை என்றால் யார் என்று எழுது.

படம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. நம் பள்ளத்தாக்கில் இப்படி ஒரு பாறையே கிடையாது. சாப்பிடும்போது பார்த்தேன், டிராமில் பார்த்தேன். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் லோத்தாரின் கை கண்ணில் பட்டது. கல்யாண மோதிரம் இடது கையில் இருக்கிறது. நம்மில் யார் இடது கையில் கல்யாண மோதிரம் போடுகிறார்கள்? பட்டறைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியில் காட்டினேன். அங்கே நின்றது நம் ஆட்டுக்கொம்பு. கிழக்கு விளிம்பு வழி. பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த பெண் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள். இவள் பாறைக்குக் கண்ணாடி காட்டுகிறாளே என்று இருந்திருக்கும்.

படச்சுருளைத் திருப்பிப் போட்டு அச்சடித்தது வேண்டுமென்றா, அசட்டுத்தனமா? இரண்டில் எது என்று சொன்னாலும் நம்பமாட்டேன்.

சின்ன அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பளுதூக்கிகள் தெரியும். உயரமாக ஏதாவது பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அவற்றைப் பார்க்கலாம். சாயங்காலம் பேச ஒரு ஆள் இருப்பான் என்று நினைக்கும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதை உன்னிடம் நேரில் சொல்லமாட்டேன், கடிதம் என்பதால் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிர்னா,
20 டிசம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. இருமல் நின்றுவிட்டது. உன் காப்பிப்பொடி வந்தது, பக்கத்து வீட்டுவரை மணக்கிறது. பதிலுக்கு ஷ்டோலன் ரொட்டி அனுப்பியிருக்கிறேன். கடையில் வாங்கியது இல்லை. திராட்சை நிறைய விழுந்திருக்கிறது, மாவு சர்க்கரை தலையணை மாதிரி இருக்கிறது, கோபிக்காமல் சாப்பிடு.

திருப்பி அச்சடித்தது அசட்டுத்தனம்தான். நிலவறை இருட்டில் செய்கிற வேலை. லோத்தாரின் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "மோதிரம் எப்பக் கை மாறுச்சு?" என்று அவனைக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவனுக்கு வீட்டில் மரியாதை இல்லை.

மூன்றாவது படத்தில் ஆளே இல்லை. பிளவும், பிளவுக்குள் செருகிய கயிற்று முடிச்சுகளும் மட்டும். இதைச் சொல்லிவிட்டால் உன்னைக் கும்பிடுகிறேன்.

டிரெஸ்டனில் ஒரு குழு, கயிற்றில் தொங்கிக்கொண்டே ஆலைப் புகைபோக்கிகளுக்கு வண்ணம் அடிக்கிறது. ஆள் தேடுகிறார்களாம். சும்மா சொல்கிறேன்.

உன் தம்பி,
எக்கார்ட்


பிரேமன்,
5 ஜனவரி 1993

அன்புள்ள எக்கார்ட்,

புது வருஷம் உனக்கு நல்லதாக அமையட்டும். எனக்கு ஜலதோஷம், மற்றபடி சுகம். ரொட்டி பிரமாதம். இவ்வளவு நல்ல ரொட்டியை நம் குடும்பத்தில் ஒருவரும் சுட்டதில்லை. நீ சுட்டாயா என்று நான் கேட்கவில்லை, பொய் சொல்ல வைக்க வேண்டாமே.

படம் மூன்று: உப்புமூட்டைக் கல், பழைய வழி. பிளவின் நடுவில் அந்தக் கல் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதில் முடிச்சுச் செருகாமல் போனவர்கள் உண்டா? கும்பிடு போடு.

ஆனால் அந்த முடிச்சுகளைத்தான் வெகுநேரம் பார்த்தேன். இரும்பைப் பாறையில் செருகாத ஊர்க்காரர்கள் நாம், நமக்கு முடிச்சுதான் உயிர். உன் முடிச்சு எனக்குத் தெரியும், அவசரத்தில் கட்டிய பொட்டலம் மாதிரி இருக்கும். லோத்தாருடையது அவன் தலை மாதிரி உருண்டை. இவை இரண்டும் இல்லை. மூன்றும் ஒரே அளவு, வால் ஒரே நீளம். தினமும் தடித்த கயிற்றைக் கையாளும் ஆள் போட்டது. மரம் நன்றாகவே முடிச்சுப் போடுகிறது.

இனி ஒரே படம். புரூகெமான் ஜூன் முதல் தேதிக்கு உன் பெயரை எழுதிவிட்டார். கட்டில் வாங்கிவிட்டேன். புகைபோக்கிக்கு வண்ணம் அடிக்கிற பேச்சை எடுக்காதே.

குட்ரூன்


பிரேமன்,
14 மார்ச் 1993

அன்புள்ள எக்கார்ட்,

சுகமா? ஜனவரியில் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. பனி என்று நினைத்தேன், பனியும் உருகிவிட்டது. உடம்புக்கு ஏதாவது என்றால் லோத்தாரையாவது எழுதச் சொல். பந்தயத்துக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாய் என்றால் அதையும் சொல், சிரித்துக்கொள்கிறேன்.

நான் எழுதியதில் ஏதாவது மனசு நோகும்படி இருந்ததா? ஒரு வரி போதும்.

அக்கா


பிர்னா,
18 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் போடாதது என் தப்பு. எழுத உட்கார்ந்தேன், பலமுறை உட்கார்ந்தேன். நீ வெள்ளையடித்தது ஞாபகம் வரும், எழுந்துவிடுவேன். உன் முழங்கால் தேவலையா?

நான்காவது படத்தை அனுப்புகிறேன். ஈஸ்டர் ஞாயிறு காலையில் எடுத்தது. அடிப்பக்கத்தைக் கத்தரித்திருக்கிறேன், அதிகம் காட்டினால் சுலபமாகிவிடும் என்று. பந்தயத்தில் கத்தரிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நான் கொடுத்த வார்த்தையை மீறமாட்டேன். நீ சரியாகச் சொன்னால் ஜூன் முதல் தேதி அந்தப் பட்டறையில் நிற்பேன். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

நன்றாகப் பார்த்து எழுது. அவசரம் இல்லை.

எக்கார்ட்


பிரேமன்,
9 மே 1993

அன்புள்ள தம்பி எக்கார்ட்,

நான் நலம். முழங்காலும் நலம். உனக்குக் காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை என்று நம்புகிறேன்.

பதில் தாமதமானதற்குப் பட்டறையில் வேலை அதிகம் என்று வைத்துக்கொள். படத்தைச் சமையலறை மேசையில் வைத்துப் பார்த்தேன், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். லோத்தார் தெரிகிறான். முழங்காலுக்குக் கீழே கொஞ்சம்வரை இருக்கிறது, அப்புறம் உன் கத்தரிக்கோல். பின்னால் வழவழவென்று ஒரு சுவர்.

என் பதில்: வாத்துக்கல், வடக்கு வழி.

இதுதான் என் முடிவான பதில். மாற்றச் சொல்லிக் கேட்காதே.

நேற்று புரூகெமானிடம் ஜூன் முதல் தேதி இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். பதில் சரியா தப்பா என்று தெரிவதற்கு முன்னால் ஏன் சொன்னாய் என்று கேட்பாய். எனக்கே நம்பிக்கை இல்லாத பதில் அது, அதனால்தான். அவர் பென்சிலை எடுத்து உன் பெயரை அடித்தார்.

இத்துடன் ஒரு புட்டி தைலம் அனுப்பியிருக்கிறேன். தோளில் தேய்த்தால் வலி போகும். உனக்கு அல்ல.

அன்புடன்,
குட்ரூன்


பிர்னா,
16 மே 1993

அன்புள்ள அக்கா,

தோற்றாய்! சாயங்காலமே லோத்தார் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். வாத்துக்கல்லா? வாத்துக்கல்லின் வடக்கு வழியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே ஏறுவார்கள். அது மணிக்கூண்டு, கிழக்கு முகப்பு. அடியில் ஒரு ஆள் உயரத்துக்குப் பிடியே கிடையாது, ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்றால்தான் வழியே ஆரம்பமாகும். பள்ளத்தாக்கில் அப்படி ஒரு வழி அது ஒன்றுதான். நீயே எத்தனை தடவை என் தோளில் ஏறி மிதித்திருக்கிறாய்! சமவெளி உன் கண்ணைத் தின்றுவிட்டது அக்கா, எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. நான் கத்தரித்தது ஒரு ஆளை. லோத்தாரைத் தோளில் தாங்கி நின்றவள் பெயர் கெர்லிண்டெ. ஓடத்தில் வேலை செய்கிறாள். கயிறு பிடித்ததும் அவள்தான், முடிச்சுப் போட்டதும் அவள்தான், ரொட்டி சுட்டதும் அவள்தான். மரம் என்று எழுதினேனே, அதைச் சொன்னதும் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. நான் பிரேமனுக்குப் போக வேண்டியிருக்கலாம் என்று சொல்லி, கூட வருவாயா என்று கேட்டேன். "நாள் முழுக்க ஆத்தைத் தாண்டிக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னும் எங்க தாண்டச் சொல்ற?" என்றாள். பனிக்காலம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அறைக்கு வெள்ளையடித்துவிட்டுக் காத்திருக்கும் உன்னிடம் எப்படிச் சொல்வது? அவளை விட்டுவிட்டு எப்படி வருவது? அதனால் பந்தயத்தின் தலையில் பாரத்தைப் போட்டேன்.

இப்போது வீட்டில் ஒரே சண்டை. உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "உங்க அக்கா தெரிஞ்சேதான் தப்பா எழுதியிருக்காங்க" என்கிறாள்.

நான், உனக்கு எங்க அக்காவைத் தெரியாது, தோக்கறதுக்குப் பதிலா கீழ விழுந்துடுவா என்றேன்.

"படத்துல சுவர் முழுக்க வெயில். வடக்கு முகத்துல எந்தக் காலத்துல வெயில் அடிச்சுது? அப்புறம் இதப் பாரு, லோத்தார் கெண்டைக்கால்ல என் விரலு நாலும் தெரியுது. ஆளை வெட்டின, விரலை வெட்ட மறந்துட்ட."

பார்த்தேன். தெரிகிறதுதான். ஆனால் அது யார் கண்ணுக்குப் படும்? அச்சில் விழுந்த கறை என்றுதான் யாரும் நினைப்பார்கள். தைலம் எதற்கு என்று அவளைக் கேட்டேன். புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. தைலத்தின் காரம் என்றாள்.

நீயே சொல் அக்கா, நான் ஜெயித்தேனா இல்லையா? புகைபோக்கிக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை முதல் வேலை. பயப்படாதே, அங்கேயும் கயிறு பிடிக்க மனுஷக் கை இருக்கிறது.

உன் வரவை எதிர்பார்க்கும்,
எக்கார்ட்


பிரேமன்,
23 மே 1993

அன்புள்ள எக்கார்ட்,

நீ ஜெயித்தாய். சந்தேகமே இல்லாமல் ஜெயித்தாய். இதை லோத்தாருக்கும் படித்துக் காட்டு, நானே எழுதிக் கொடுத்ததாக இருக்கட்டும்.

கெர்லிண்டெ சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. எனக்கு அந்த வழி உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்திருந்தால் உன்னை விட்டிருப்பேனா? வாங்கிய கட்டிலைச் சும்மா போட்டு வைப்பேனா? அந்தக் கட்டிலைப் பார்த்து ஒரு சாயங்காலம் முழுக்க அழுதேன், அதை மறைக்கவில்லை. மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது பார்த்தால் மனசு லேசாக இருந்தது. ஏன் என்று எனக்கே தெரியாது. என் தம்பி ஈஸ்டர் காலையில் நல்ல வெயிலில் நின்று படம் எடுத்திருக்கிறான் என்பதனால் இருக்கலாம்.

அறை அப்படியே இருக்கட்டும். குளிர்காலத்தில் உங்கள் ஓடத்துக்கு விடுமுறை உண்டல்லவா, அப்போது இரண்டு பேரும் வாருங்கள். ஆற்றைத் தாண்ட வேண்டாம், ரயிலே கொண்டுவந்து விட்டுவிடும் என்று அவளிடம் சொல்.

வெள்ளிக்கிழமை இரவு புறப்படுகிறேன். காலணி எடுத்து வைத்துவிட்டேன், கால் அதற்குள் போகிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. மணிக்கூண்டில் ஏறினால் இந்தத் தடவை அடியில் நிற்பது நீ. பெண்ணைச் சுமக்க வைத்துப் படம் எடுத்தது போதும்.

கெர்லிண்டெவுக்குக் கயிறு பிடிக்க நல்ல தோல் கையுறை வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் கை அளவு கேட்டார். யோசிக்காமல் சொன்னேன், அது சரியாகத்தான் இருக்கும்.

இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா